பீடம் எழுந்த கதை

ஈகையும் ஒப்புரவும் ஒன்றா? வள்ளுவர் இரண்டையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தார். இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. ஊர் நன்மைக்கு ஊரவர் தத்தம் அளவில் உதவுவது ஒப்புரவு. இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், நியூயோர்க் துறைமுகத்துச் சுதந்திரதேவி சிலையின் பீடம் என் நினைவுக்கு வரும்.

சிற்பி பார்த்தோல்டி வடித்த அச்சிலை, பிரெஞ்சு மக்கள் பணம் திரட்டி அளித்த பரிசு. அதனைத் தாங்கும் பீடத்தை அமைப்பது அமெரிக்கர் பொறுப்பு. பணமோ சேரவில்லை. நியூயோர்க் மாநிலம் ஐம்பதாயிரம் டொலர் வழங்குவதற்கான சட்டமூலத்தை 1884இல் ஆளுநர் குரோவர் கிளீவ்லன்ட் நிராகரித்தார். செல்வந்தரும் போதிய அளவு கொடுத்தாரில்லை.

1885 மார்ச்சில் 'வேர்ல்ட்' பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் மக்களிடம் கையேந்தினார். ஹங்கேரியிலிருந்து குடியேறியவர் அவர். எவ்வளவு சிறு தொகை கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக வாக்களித்தார். அயோவா மாநிலத்துப் பாலர் வகுப்பொன்று 1 டொலர் 35 சதம் அனுப்பியது. சர்க்கஸ் பார்க்கச் சேர்த்த டொலரைச் சிறுவர் சிலர் அனுப்பினர். பத்திரிகையின் விற்பனையும் உயர்ந்தது என்பது உண்மையே. எனினும் ஓகஸ்ட் 11இல் நிதி ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியது. கொடுத்தோர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் தந்தது ஒரு டொலருக்கும் குறைவு.

கலைஞரும் வாளாவிருக்கவில்லை. 1883இல் இந்நிதிக்காக நடந்த கலைப்பொருள் ஏலத்துக்கென எம்மா லாசரஸ் என்ற கவிஞர் பதினான்கடிக் கவிதையொன்றை எழுதினார். ருஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூத அகதிகளுக்கு உதவிவந்த அவர், சிலையை நாடிழந்தோரின் தாயாகக் கண்டார். 1886 ஒக்டோபர் 28இல் சிலை திறக்கப்பட்டபோது அக்கவிதையை எவரும் வாசிக்கவில்லை. மறுஆண்டு அவர் மறைந்தார். தோழி ஒருவரின் முயற்சியால், 1903இலேயே அது வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டுப் பீடத்தினுள் இடம்பெற்றது. அன்று நிதிமறுத்த கிளீவ்லன்டே நாட்டின் ஜனாதிபதியாகத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கினார் என்பதும் வரலாற்றின் வேடிக்கை.

இத்துடன் நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். வரலாறு முழுமை பெறாது. 1882இல் அமெரிக்கா, சீனத் தொழிலாளர் உள்ளே வருவதைத் தடுத்து, சீனருக்குக் குடியுரிமையும் மறுத்துச் சட்டமியற்றியிருந்தது. பீடநிதிக்குச் சீனரிடமும் பணம் கேட்டபோது, சோம் சோங் போ என்பவர் 1885இல் பகிரங்கக் கடிதம் எழுதினார். நுழையவே எமக்கு உரிமையில்லாத நாட்டில் சுதந்திரத்தின் சிலைக்கு எம்மிடம் பணம் கேட்பது அவமதிப்பு என்பது அவர் வாதம். அச்சட்டம் நீங்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சில்லறை அனுப்பிய சிறுவரையும் கொடுக்க மறுத்த அந்தச் சீனரையும் நான் ஒரே வரிசையில் வைப்பேன். அவர்கள் பீடத்துக்குக் கல் தந்தனர். இவர் அக்கல்லின்மேல் நிற்பது யாருடைய சுதந்திரம் என்று கேட்டார். ஒப்புரவுக்கு இரண்டும் வேண்டும். 'தா' என்று கேட்கும் ஊர், 'வா' என்றும் அழைக்கவேண்டும் அல்லவா?