கடுகின் பன்மையும் உழைப்பின் உரிமையும்

பயிர்கள் இயற்கையின் கொடைகளாகத் தோன்றினும், அவற்றின் இன்றைய வடிவம் தலைமுறைதோறும் தொடர்ந்த மனித உழைப்பின் விளைபொருளே என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்திற் (1867) சுட்டினார். வட இந்தியக் கடுகின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இக்கடுகு தோற்றத்திலேயே ஒரு கலப்பினம். 10 சோடி நிறமூர்த்தங்களுடைய டர்னிப் இனமும் 8 சோடியுடைய கருங்கடுகும் இணைந்தே 18 சோடியுடைய இவ்வினம் தோன்றியது என்பதை, யப்பானில் ஆய்வு நிகழ்த்திய உ நாகாஹாரு 1935 இல் விளக்கினார். பிற்கால ஆய்வுகள் இவ்வினத்துள் இந்திய வழி, கிழக்கு ஐரோப்பிய வழி எனும் இரு பெரும் பிரிவுகளை இனங்கண்டன. இந்திய வழியின் விதை பெரியது. ஆயின் அதன் பிறப்புரிமைப் பன்மை குறுகியது. இருவழிகளையும் கலக்கும்போது வீரியமிக்க வழித்தோன்றல்கள் கிடைக்கின்றன.

டில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்ட்டல் குழுவினர் உருவாக்கிய டி.எம்.எச்.-11 இவ்வுண்மையின் மீதே எழுந்தது. அதன் ஒரு பெற்றோர் ‘வருணா’. மற்றையது கிழக்கு ஐரோப்பிய வழிசார்ந்தது. வருணாவோ வாரணாசிப் பகுதியின் உள்ளூர்க் கடுகிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. அவ்வுள்ளூர்க் கடுகைப் பேணிய உழவரின் பெயர்களை வரலாறு பதியவில்லை.

கடுகு பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுறுவது. எனவே மண்வாழ் பற்றீரியாவொன்றின் பரம்பரையலகினால் ஒரு பெற்றோர் ஆண்மலடாக்கப்பட்டது. மற்றொரு பரம்பரையலகு கலப்பினத்தில் வளத்தை மீட்டது. 2022 ஒக்டோபரில் இதன் சுற்றாடல் விடுவிப்புக்கு அனுமதி வழங்கப்பட்டது. 2024 யூலை 23 இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர்களும் அவ்வனுமதி குறித்து மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர்.

களைகொல்லி, தேனீ ஆகியன பற்றிய விவாதம் அவசியமானதே. ஆயின் விதை பற்றிய வினா அதனினும் அடிப்படையானது. இந்தியாவின் 2001 ஆம் ஆண்டுச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மீள விதைக்கவும் உழவருக்கு உரிமையளித்தது. கலப்பின விதையில் அவ்வுரிமை பொருளிழக்கின்றது: அடுத்த தலைமுறையிற் பண்புகள் சிதறுகின்றன, வீரியம் குன்றுகின்றது, செடிகளிற் சில மலடாகின்றன. ஆண்டுதோறும் விதை வாங்கவேண்டிய நிலையில், உற்பத்திச் சாதனம் உழவனின் கையை விட்டகன்று பண்டமாகின்றது.

டி.எம்.எச்.-11 பொது நிதியில் உருவானது. ஆகவே அதனைத் தனியார் மூலதனத்தின் படைப்பெனக் கொள்ளுதல் பொருந்தாது. விஞ்ஞானத்தை நிராகரிப்பதும் தீர்வாகாது. பன்மையைப் படைத்த உழைப்பாளர், அப்பன்மையிலிருந்து பெற்ற விதையின் மீது எவ்வுரிமையுடையர் என்பதே வரலாறு எழுப்பும் வினா. அதற்கான விடை ஆய்வுகூடத்தில் மட்டுமன்றி, உற்பத்தி உறவுகளிலும் தேடப்படவேண்டியதாகும்.