காதலும் கொலையும்: துப்பறியும் நாவல் பற்றி வாசகர் கொண்ட கருத்துகள்

வட்டுக்கோட்டையில் 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரி 1855 இல் மூடப்பட்டது. அங்குக் கற்று வெளிப்போந்தவருள் தலைசிறந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் 1883 இல் இறையனார் அகப்பொருளையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். முன்னது களவொழுக்கத்துக்கு இலக்கணம் வகுக்கும் நூல். சிவபெருமானே அருளியதெனச் சைவ மரபு போற்றுவது. பின்னது காதற் பாட்டுகளின் தொகுதி. இவற்றைக் கற்பதனால் இளைஞர் கெடுவரென்று தமிழறிஞர் அஞ்சினாரல்லர். அவருடைய உடன்பிறந்தாராகிய சி. வை. சின்னப்பபிள்ளை 1905 இல் ஒரு நாவலை வெளியிட்டபோதோ, அதற்கு ‘வீரசிங்கன் அல்லது சன்மார்க்க ஜெயம்’ என்று பெயரிட்டார். கதைத் தலைவன் பெயரோடு நல்லொழுக்கத்தின் வெற்றியும் முகப்பிலேயே நின்று காவல் புரிந்தது. செய்யுளுக்கு வேண்டாத காவல் உரைநடைக் கதைக்கு ஏன் வேண்டியதாயிற்று என்பதே நாவல் வாசகர் வரலாற்றில் முதல் வினா.

கதைகள் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்னும் குற்றச்சாட்டு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1841 இல் ‘உதயதாரகை’ பத்திரிகை தோன்றிய காலந்தொட்டு, புராணக் கதைகள் நாகரிகமற்றவை என மிஷனரிமார் எழுதிவந்தனர். கதையை அதன் உட்பொருளோடு படித்தல் வேண்டும் என்று சைவர் மறுமொழி கூறினர். அவ்வாறு விடை கூறிப் பழகிய கற்றோரே, அரை நூற்றாண்டு கழிந்தபின் அதே குற்றச்சாட்டைத் தம் கையிலெடுத்து நாவலின் மேல் வீசினர். இவ்விடத்திற் பாதிரிமாரும் பண்டிதரும் ஒருமித்து நின்றமை சற்றே நகைப்புக்கு இடமானது.

தமிழில் துப்பறியுங் கதைக்கு வழிதிறந்தவர் பண்டித நடேச சாஸ்திரியார். தானவன் என்னும் பொலிஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைப் பற்றிய அவருடைய நூல் 1894 இல் வெளிவந்தது. அவ்வழியைப் பெருவீதியாக்கியவர் ஜே. ஆர். ரங்கராஜு. அவர் எழுதிய ‘இராஜாம்பாள்’ 1908 இல் வெளியாயிற்று. ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் ஒருவரை ஒருவர் விரும்புகின்றனர். அப்பெண் கொலையுண்டாள் என்ற செய்தி பரவுகிறது. பழி காதலன் தலைமேலேயே விழுகிறது. துப்பறியும் கோவிந்தன் வந்து முடிச்சை அவிழ்க்கின்றான். அடுத்து வந்தவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். இவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ என்னும் தலைப்பே இக்கதைகள் எங்கு நிகழ்ந்தன என்பதைக் காட்டும். அரசர் அவையும் கானகமும் நீங்கி, அக்கிரகாரத் தெருவும் கச்சேரி வாசலும் புகைவண்டி நிலையமும் கதைக்களமாயின. வாசகன் தன் ஊர்ப் பெயரையும் தன் அண்டை வீட்டாரின் உத்தியோகத்தையும் அச்சிற் கண்டான். இலண்டன் நகரத்து இரகசியங்களை எழுதிய ரெயினால்ட்ஸின் கதைப்பொறி அடியில் இயங்கிற்று. மேலே போர்த்திருந்தது காவிரிக்கரை வாழ்க்கை.

இந்நாவல்களைக் கண்டித்தோர் கூறிய காரணங்கள் பல. பெண்கள் அடுப்பங்கரையை மறந்து படிக்கின்றனர் என்றனர் சிலர். தமிழ்நடை சிதைகின்றது என்றனர் வேறு சிலர். ஆங்கிலக் கதைகளை எடுத்துத் தமிழ்ப்பெயர் சூட்டுகின்றனர் என்பது மற்றொரு குறை. பின்னாளிற் புதுமைப்பித்தன் தழுவலைக் கடிந்து மொழிபெயர்ப்பை ஆதரித்து வழக்காடினார்; அது இலக்கிய நேர்மை பற்றிய வழக்கு, ஒழுக்கம் பற்றியதன்று. முந்தையோர் கண்டனத்தை ஊன்றி நோக்கின் ஒன்று புலப்படும். கொலையைப் பற்றி அவர்கள் அதிகம் வருந்தவில்லை. கொலைகாரன் ஈற்றில் அகப்படுகிறான், நீதி நிலைபெறுகிறது. ஆனால், தன் கணவனைத் தானே தெரிந்துகொள்ளும் பெண்ணை எந்த நீதிபதியும் தண்டிப்பதில்லை. கதை அவளுக்கு மணமாலை சூட்டுகின்றது. அவர்களை உறுத்தியது இதுவே. களவியலைக் கற்பித்த நாவினாலேயே இதனைக் கண்டித்தமை முரணாகத் தோன்றலாம். அகப்பாடலின் தலைவிக்குப் பெயர் இல்லை. நாவலின் தலைவிக்கோ பெயருண்டு, தந்தை உண்டு, சாதி உண்டு, முகவரியும் உண்டு. வேறுபாடு அதனாலேயே விளைந்தது.

இது தமிழருக்கே உரிய அச்சமுமன்று. இங்கிலாந்தில் வில்கி கொலின்ஸ் முதலியோர் எழுதிய பரபரப்பு நாவல்களை 1863 இல் ‘குவாட்டர்லி ரிவியூ’ இதழில் மான்சல் என்னும் தத்துவப் பேராசிரியர் கடுமையாகச் சாடினார். வாடகை நூலகமும் புகைவண்டி நிலையத்துப் புத்தகக் கடையும் இக்கேட்டைப் பரப்புகின்றன என்பது அவர் முறையீடு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி வந்தது 1905 இல். ‘வீரசிங்கன்’ வந்த அதே ஆண்டு. தமிழகத்து நாவல்களோ அதற்கு முன்பே கப்பலேறி வரத் தொடங்கிவிட்டன. 1915 இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’யும், அதன்வழிப் பெயர்பெற்ற ஆரணி குப்புசாமி முதலியாரின் கதைகளும் ஈழத்து வீடுகளிலும் புகுந்தன.

யாழ்ப்பாணத்து வாசகனிடம் ஒரு தனித்தன்மை இருந்திருத்தல் வேண்டும். காணி வழக்கின்றி ஒரு தலைமுறை கழிவது அரிதான நாடு இது. உறுதியும் முதுசமும் சீதனமும் திண்ணைப் பேச்சாக விளங்கிய ஊரில், கதையில் வரும் கள்ள உறுதியையும் பொய்ச் சாட்சியையும் எடைபோடப் பண்டிதர் உதவி வேண்டியதில்லை. நாவலின் தமிழைக் குறைகூறியவர்கள் கற்றோர். அதன் சட்டத்தைக் குறைகூறத் தக்கவர்கள் சாதாரண வாசகரே.

ஈழத்து எழுத்தாளர் இவ்வாசகரைக் கைவிட்டுவிடவில்லை. மங்களநாயகம் தம்பையா 1914 இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயம்’ துப்பறியுங் கதையன்று. இல்லறத்தில் ஒரு பெண் நொந்து நலியும் கதை. அங்கே குற்றமுண்டு, கோவிந்தனைப் போன்ற ஒருவன் வந்து கண்டுபிடிக்கத்தக்க குற்றம் அன்று. காதற் கொலைக் கதைகளோடு ஒருங்கு வைத்துப் படிப்பார்க்கு, அக்கதைகள் மணமாலையோடு நிறுத்திக்கொள்ளும் இடத்துக்கு அப்பாலுள்ளதை இந்நூல் காட்டும். இதனினும் வியப்பானது சைவர் பக்கம் நிகழ்ந்தது. 1889 இல் தோன்றிய ‘இந்துசாதனம்’ சைவப் பாதுகாப்புக்கென்றே நடந்த பத்திரிகை. அதன் ஆசிரியராய் விளங்கிய ம. வே. திருஞானசம்பந்தபிள்ளை 1920களில் ‘காசிநாதன் நேசமலர்’, ‘கோபால நேசரத்தினம்’ ஆகிய நாவல்களை எழுதினார். தலைப்புகளிலேயே ஆணும் பெண்ணும் இணைந்து நிற்கின்றனர். மதமாற்றத்தை எதிர்க்கவும் சைவத்தை நிலைநாட்டவும் அவர் கண்ட கருவி காதற்கதை. வாசகரின் விருப்பத்தை வைது வெல்ல இயலாதென அவர் உணர்ந்திருந்தார் போலும்.

வாசகர் தம் கருத்தைக் கட்டுரையாக எழுதிவைத்தது குறைவு. காசு கொடுத்தே தெரிவித்தனர். ரங்கராஜுவின் கதைகளை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்கினார். பாய்ஸ் கம்பெனிகள் அவற்றை ஊரூராக நடித்தன. ‘இராஜாம்பாள்’ 1935 இலும் மீண்டும் 1951 இலும் திரைப்படமாயிற்று, இரண்டாவதில் ஆர். எஸ். மனோகர் அறிமுகமானார். 1936 இற் படமாகிய ‘சந்திரகாந்தா’ மடத்துத் தலைவரின் வேடத்துள் மறைந்த தீயொழுக்கத்தைக் காட்டிற்று. சமயப் பற்றுள்ளோர் சிலருக்கு அது கசந்திருக்கலாம். கொட்டகை நிறைவதை அக்கசப்புத் தடுக்கவில்லை.

ஆராய்ச்சியாளர் இத்துறைக்கு வந்தது தாமதமாகவே. க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968 இல் வெளிவந்து, நாவலைச் சமூக மாற்றத்தோடு இணைத்துப் பார்க்கக் கற்பித்தது. ஆயினும் அன்றைய திறனாய்வாளர் பொதுவிற் கொலைக்கதைகளை வணிகச் சரக்கென ஒதுக்கினர். அந்நாவல்களை யார், எங்கு, எவ்வாறு வாசித்தனர் என்பதனை முறையாக ஆராய்ந்தது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’. அது 2002 இலேயே வெளிவந்தது. அதற்குள் பிரதிகள் பல அழிந்துபோயின. கற்றோர் இகழ்ந்த நூலைக் கல்லூரி நூலகங்கள் பேணுவதில்லை. வீட்டுப் பெட்டியிலிருந்தவற்றைக் கறையான் தின்றது. பின்னர் இடப்பெயர்வு வந்தது. பேணிய நூலகமும் தப்பவில்லை: யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரியூட்டப்பட்டது.

எஞ்சியவை சில மாற்றுருவிலே எஞ்சின. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் எழுதிய ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படுவது. அதன் சுருக்கம் 1919 இற் பாடநூலாக வெளிவந்தபோது, முகப்பிலிருந்த காதலியின் பெயர் நீங்கிற்று. மாணாக்கர் கையிற் கிடைத்த நூலின் பெயர் ‘சொக்கநாத நாயக்கர்’.