படமாக வரும் அறிவிப்பைப் பார்வையற்றவர் எப்படி வாசிப்பார்?

தைப்பிங், கமுண்டிங், சிம்பாங், மாத்தாங் வட்டாரங்களில் ஆலயத் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் பதிவு, உதவித்தொகை போன்ற அறிவிப்புகள் இன்று புலனத்திலும் முகநூலிலும் வருகின்றன. அவற்றில் பல வெறும் படங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், எழுத்தை ஒலியாக மாற்றித் தரும் கருவி. படத்தைக் கண்டால் அது பெரும்பாலும் "படம்" என்று மட்டுமே சொல்லும். நீரிழிவாலும் கண்புரையாலும் பார்வை மங்கிய தோட்டத்து முதியவருக்கும் இதே நிலைதான். விண்ணப்பத்தின் இறுதி நாள் அவருக்குத் தெரியாமலே கடந்து விடுகிறது.

சட்டம் சொல்வது

மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (சட்டம் 685) 30-ஆவது பிரிவு, தகவலையும் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையை அவர்களுக்கு வழங்குகிறது. தகவலை உரிய நேரத்தில், கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால், மீறுவோருக்கு இச்சட்டத்தில் தண்டனை இல்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை மலேசியா 2010-இல் ஏற்றது.

அனைத்துலக வழிகாட்டி

உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் 'டபிள்யூ.சி.ஏ.ஜி.' வழிகாட்டியே பல நாடுகளில் அளவுகோல். இதன் 2.0 பதிப்பு 2008-லும், 2.1 பதிப்பு 2018-லும், 2.2 பதிப்பு 2023-லும் வெளிவந்தன. உள்ளடக்கம் உணரக்கூடியதாக, இயக்கக்கூடியதாக, புரியக்கூடியதாக, எல்லாக் கருவிகளிலும் இயங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பவை இதன் நான்கு கொள்கைகள். ஏ, ஏஏ, ஏஏஏ என மூன்று நிலைகள் உண்டு. ஏஏ நிலையில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என இருக்க வேண்டும். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து இதில் தேறாது. பிடிஎஃப் ஆவணங்களுக்கு ஐஎஸ்ஓ 14289 என்ற தனித் தரம் உண்டு.

தமிழுக்குள்ள தனிச் சிக்கல்

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணம் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் இருக்கும். திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஒலியாக வாசிக்கும். யூனிகோட் தமிழே இதற்குத் தீர்வு. 1985-இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியரே. யூனிகோட்டில் தட்டச்சு செய்யும் வசதி இன்று திறன்பேசிகளிலேயே உள்ளது.

சங்கங்களும் ஆலயங்களும் செய்யக்கூடியவை

• படத்துடன் தேதி, நேரம், இடம், தொடர்பு எண் ஆகியவற்றை எழுத்தாகவும் அனுப்புதல்.
• இணையத்தளப் படங்களுக்கு மாற்று விளக்கம் சேர்த்தல்.
• ஆவணத் தலைப்புகளுக்கு மென்பொருளின் தலைப்பு வசதியைப் பயன்படுத்துதல்.
• 'சிவப்பில் உள்ளவை கட்டாயம்' என நிறத்தை மட்டும் நம்பாதிருத்தல்.
• காணொளிக்கு எழுத்துவரி சேர்த்தல். காது கேளாதோருக்கு அதுவே வழி.

சோதிப்பது எப்படி?

பிடிஎஃப் ஆவணத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் புலனத்தில் ஒட்டிப் பார்க்கலாம். தமிழ் சரியாக வந்தால் திரைவாசிப்பானும் பெரும்பாலும் வாசிக்கும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். ஆண்ட்ராய்டு திறன்பேசியின் 'டாக்பேக்', கணினிக்கான இலவச 'என்விடிஏ' ஆகியவற்றை இயக்கியும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் தமிழ் வாசிக்கும்.