தாய்க்கப்பலைத் தேடிச் சென்ற பெட்டிகள்

ஒரு பொருள் ஆலையிலிருந்து புறப்பட்டு அயல்நாட்டு வணிகரைச் சென்றடையும்வரை கட்டுதல், கிடங்கில் வைத்தல், சுங்கச் சோதனை, கப்பலேற்றுதல் எனப் பல வேலைகள் உள்ளன. இவற்றைத் திட்டமிட்டு நடத்தும் முறையே லாஜிஸ்டிக்ஸ் எனப்படுகிறது. வளரும் நாடுகள் குறைந்த கூலியால் பெறும் விலை ஆதாயத்தை வழியில் நேரும் தாமதம் விழுங்கிவிடக்கூடும். தென்னிந்தியாவின் கொள்கலன் போக்குவரத்து வரலாறு இதற்குச் சான்று.

கொள்கலனின் வருகை

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்கரான மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை மூட்டை மூட்டையாக ஏற்றப்பட்ட சரக்கை, பாரந்தூக்கி பெட்டியோடு ஏற்றியது. துறைமுகத்தில் நாள்கணக்கில் நின்ற கப்பல்கள் மணிக்கணக்கில் திரும்பின. பெட்டி ஒன்றுக்கான செலவை மேலும் குறைக்கக் கப்பல்கள் பெரிதாயின. தாய்க்கப்பல் எனப்படும் இத்தகைய பெரிய கப்பலுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். சரக்கு குறைந்த துறைமுகங்கள்தோறும் அது நிற்பது கட்டுப்படியாகாது.

தூத்துக்குடியும் கொழும்பும்

தூத்துக்குடி–கொழும்பு கடல்வழி பழையது. 1906இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் கப்பல் விட்டதும் இவ்வழியில்தான். தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கிழக்கு–மேற்குக் கப்பல் பாதையை ஒட்டி அமைந்த கொழும்பு, 1980களிலேயே கொள்கலன் முனையம் கட்டி முந்திக்கொண்டது. 2013இல் அங்கு 18 மீட்டர் ஆழமுள்ள முனையமும் செயல்படத் தொடங்கியது.

இதனால் திருப்பூர்ப் பின்னலாடைகள் தூத்துக்குடியில் சிறிய ஃபீடர் கப்பலில் ஏறி, கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாறும் வழக்கம் ஏற்பட்டது. ஒரே பெட்டியை இருமுறை ஏற்றி இறக்கும் கூலி இதில் சேர்கிறது. ஃபீடர் கப்பல் பிந்தினால், அடுத்த தாய்க்கப்பல் வரும்வரை பெட்டி காத்துக் கிடக்கும். ஆடை வணிகமோ பருவத்தை நம்பியது. குறித்த நாளில் சரக்கு போய்ச் சேராவிட்டால் ஏற்றுமதியாளர் விலையைக் குறைக்க நேரிடும். அல்லது தம் செலவில் விமானத்தில் அனுப்ப நேரிடும். நூலிலும் தையலிலும் மிச்சம் பிடித்த காசு அதிலேயே கரைந்துவிடும்.

மாற்று முயற்சிகள்

இந்நிலையை மாற்ற 2011இல் கொச்சியில் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டது. ஆழத்தைக் காக்க அங்கு ஓயாமல் தூர்வார வேண்டியிருந்தது. இந்தியத் துறைமுகங்களுக்கிடையே வெளிநாட்டுக் கப்பல்கள் சரக்கு ஏற்றிச் செல்வதற்கு இருந்த தடையும் 2012இல்தான் அம்முனையத்துக்காகத் தளர்த்தப்பட்டது. கொழும்பின் இடத்தை அது பிடிக்க இயலவில்லை. 2024 ஜூலையில், இயற்கையாகவே ஆழம் மிக்க கேரளத்தின் விழிஞம் துறைமுகத்துக்கு முதல் தாய்க்கப்பல் வந்தது.

உலக வங்கியின் லாஜிஸ்டிக்ஸ் திறன் பட்டியலில் 2014இல் 54ஆம் இடத்திலிருந்த இந்தியா, 2023இல் 38ஆம் இடத்துக்கு உயர்ந்தது. அப்பட்டியல் துறைமுகத்தை மட்டுமன்றிச் சுங்க நடைமுறை, சாலை, இருப்புப்பாதை, குறித்த நேரத்தில் சேர்ப்பித்தல் ஆகியவற்றையும் அளவிடுகிறது. வல்லார்பாடம் தரும் பாடமும் இதுவே: ஆழம், சட்டம், உள்நாட்டுப் பாதை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் தாய்க்கப்பல் நம் துறைமுகத்தைத் தேடி வரும்.