கரடுமுரடான பாதையே உரைகல்



நான் சிறுவனாயிருந்த காலத்தில் கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் இரயிலடிக்கு வில்வண்டியில்தான் செல்வோம். எங்கள் வண்டிக்காரப் பெரியவர் ஒரு புது வண்டியை வாங்கும்போது அதன் கூண்டையோ மெத்தையையோ பார்க்க மாட்டார். நேரே ஆற்றங்கரைக் கல் இறக்கத்துக்கு ஓட்டிச் செல்வார். வில் முனகுகிறதா, அச்சு ஆடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பின்னரே விலை பேசுவார். செல்வர்களின் மோட்டார் வண்டிகளும் இத்தகைய சோதனைக்கு உட்பட்டே புகழ் பெற்றன என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது, அப்பெரியவரின் நினைவே எனக்கு வந்தது.

1906-ஆம் ஆண்டில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆறு சிலிண்டர் வண்டியொன்றை வெளியிட்டது. அவ்வகையைச் சேர்ந்த, வெள்ளி வண்ணம் பூசிய ‘சில்வர் கோஸ்ட்’ என்னும் வண்டி, 1907-இல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 14,371 மைல், அதாவது ஏறக்குறைய 23,000 கிலோமீட்டர், எந்திரக் கோளாறினால் நில்லாமல் ஓடியது. பின்னர் அதனைப் பிரித்துப் பார்த்தார்கள். தேய்ந்த உறுப்புகளை மாற்ற இரண்டு பவுனுக்குச் சற்று மேலாகவே செலவாயிற்று. அவ்வுறுப்புகளுள் ஸ்டியரிங் தண்டின் மூட்டும் ஒன்றாகும்.

ஆயினும், அங்குள்ள சாலைகள் வேறு, நம் நாட்டுச் சாலைகள் வேறு அன்றோ? அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தது 1908-இல் மும்பைக்கும் கோலாப்பூருக்கும் இடையே நடந்த சோதனை ஓட்டம். ‘பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்’, அதாவது ‘கீழ்த்திசை முத்து’ எனப் பெயரிடப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் வண்டியொன்று, ஆறு மலைக் கணவாய்களைக் கடந்து 620 மைல் தூரத்தைப் பழுதின்றி முடித்து வெற்றி கண்டது. பின்னர் குவாலியர் மகாராஜா அதனை வாங்கிக்கொண்டார்.

மலைப்பாதை வண்டியிடம் கேட்பது யாது? பள்ளத்தில் சக்கரம் விழும்போது வில்பட்டைகள் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய வேகத்திலேயே வண்டியைத் தூக்கி எறியவும் கூடாது. கொண்டை ஊசி வளைவில், ஓட்டுபவரின் கை சொன்ன வழியே சக்கரங்கள் திரும்ப வேண்டும். அக்காலத்து வண்டிகளில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு பிணைத்திருந்தது. ஆகவே ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும். அந்த அதிர்ச்சி ஸ்டியரிங் வழியாகக் கையை உலுக்கும். சொகுசுக்காக முன்வில்லை மென்மையாக்கினாலோ, சக்கரங்கள் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கும். சொகுசையும் கட்டுப்பாட்டையும் ஒருங்கே பெறுவது அரிதாயிற்று.

இச்சிக்கலைத் தீர்க்க முயன்றவர்களுள் ஒருவர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிய இப்பொறியாளர், 1930-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குச் சென்றார். பாரங்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கத்தக்க ஒரு வண்டியை அமைத்து, எந்நிலையில் பயணம் இதமாக இருக்கிறதென்று ஓட்டிப் பார்த்து ஆராய்ந்தார். அதன் பயனாக, 1934-இல் அந்நிறுவனத்தின் காடிலாக் முதலிய கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. அவ்வகை அமைப்பு காலப்போக்கில் எளியோரின் கார்களுக்கும் பரவியது.

நம் மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயில் நேர்ந்த விபத்துகளை நாம் அறிவோம். அங்கே இறங்கும் வண்டியின் பளபளப்பு ஓர் உயிரையும் காக்காது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் வில்லும் செம்மையாக இருப்பதும், ஓட்டுபவரின் நிதானமுமே காக்கும். மகாராஜாவின் வண்டியானாலும் மாட்டு வண்டியானாலும் தீர்ப்புச் சொல்வது பாதைதான். அத்தீர்ப்பைப் புறப்படும் முன்னரே கேட்டறிந்த எங்கள் வண்டிக்காரப் பெரியவர், பள்ளிக்கூடம் பார்க்காத பொறியாளர் என்பேன்.