மின்தடை, மின்திறன்: கணிக்கும் முறையின் வரலாறு

ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை அதனூடே பாயும் மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடையும், அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறனும் கிடைக்கும். 230 வோல்ட் அழுத்தத்தில் 2 ஆம்பியர் ஓட்டத்தை ஏற்கும் மின்னடுப்பின் தடை 115 ஓம். திறன் 460 வாட். பள்ளிச் சிறுவரும் நொடியில் போட்டுவிடும் இக்கணக்கு, அழுத்தம், ஓட்டம், தடை என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று மயங்காமல் பிரித்தறிய விஞ்ஞானிகள் நெடுங்காலம் உழைத்ததன் பயனாகும்.

மின்னோட்டத்தை அளக்கும் கருவிகள் தோன்றாத 1781-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹென்றி காவெண்டிஷ், தம் தேகத்தில் உண்டான அதிர்ச்சியையே பிரமாணமாகக் கொண்டு அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஊகித்திருந்தார். எனினும் அவர் அதனை வெளியிடாமையால், இயற்பியலார் மாக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளை 1879-இல் பதிப்பிக்கும் வரை உலகம் அதனை அறியவில்லை.

இச்சம்பந்தத்தைக் கூறும் விதிக்குப் பெயர் தந்த கியோர்க் சைமன் ஓம், 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, கொலோன் நகரப் பள்ளியில் உபாத்தியாயராக அமர்ந்தவர். 1825-இல் வோல்ட்டா மின்கலங்களைக்கொண்டு அவர் செய்த பரிசோதனைகள், கலத்தின் வலிமை இடையறாது மாறிக்கொண்டிருந்தமையால், பிழையான சூத்திரத்தையே அளித்தன. பத்திராசிரியர் போகன்டார்ஃப் கூறிய யோசனைப்படி, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்பமின் இரட்டையின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தைப் பெற்ற அவர், பருமன் ஒத்து நீளம் வேறுபட்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, ஓட்டத்தின் அளவைக் காந்த ஊசியின் விலகலால் கண்டறிந்தார். அழுத்தம் மாறாதிருக்க, சுற்றின் மொத்தத் தடை எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்கு ஓட்டம் குறையும் என்னும் உண்மை 1826-இல் இவ்வாறு நிலைபெற்றது. மறுவருஷம் அவர் வெளியிட்ட நூல் தாயகத்தில் ஆதரவு பெறவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் கீர்த்தி பரவியது.

திறனைப் பற்றிய அறிவு வேறொரு வழியில் வந்தது. சால்ஃபோர்டில் மதுவடிசாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், கம்பிச்சுருளை நீரில் அமிழ்த்தி ஓட்டத்தைச் செலுத்தி, நொடிதோறும் உண்டாகும் உஷ்ணம் ஓட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கிய அளவுக்கு நேர் விகிதமாக இருப்பதை 1840-இல் கண்டார். ரஷ்யாவில் லென்ஸும் தனித்து ஆராய்ந்து இம்முடிவுக்கே வந்தார். தடையையும் ஓட்டத்தையும் பெருக்க வருவது அழுத்தமே யாதலின், ஜூலின் விதி அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கும் எளிய கணக்காகச் சுருங்கிற்று.

தந்தித் தொழில் வளர வளர, பொது அலகுகள் இன்றியமையாதன வாயின. ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு ஏற்றது. மறு ஆண்டில் வில்லியம் சீமென்ஸ் வாட் என்னும் அலகை முன்மொழிந்தார்.

இக்கணக்குக்கு எல்லைகளும் உள. மாறுதிசை மின்னோட்டத்தில் கம்பிச்சுருள் உடைய மோட்டார் போன்றவற்றின் திறனைக் காண, பெருக்கத்தோடு திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்குதல் வேண்டும். மின்விளக்கின் டங்ஸ்டன் இழை ஒளிரும்போது, அதன் தடை குளிர்ந்த நிலையில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகும். வகுத்து வரும் ஈவு இழை எந்நிலையில் இருப்பினும் அந்நேரத்துத் தடையைக் காட்டும். ஆனால் அவ்வீவு அழுத்தம் மாறினும் மாறாதிருக்கும் என்பதே ஓம் விதியாதலால், வெப்பநிலை ஒன்றுபோல் இருக்கும் உலோகங்கள் போன்றவற்றுக்கே அது முற்றும் பொருந்துவதாகும்.