குழாய்க்குள் ஒளிந்திருந்த காரீயம்

வீட்டைப் புதுப்பிக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: தண்ணீருக்குச் செம்புக் குழாய் போடலாமா, பிளாஸ்டிக் போதுமா? விலையையும் ஆயுளையும் பற்றிக் கடைக்காரரே சொல்லிவிடுவார். சரித்திரத்தைப் புரட்டினால் வேறொரு கேள்வி எழுகிறது: இதில் காரீயம் எங்கே இருக்கிறது?

புதுச்சேரியில் என்னைப் போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு ‘ப்ளோம்பியே’ என்ற சொல் தெரியும். குழாய் வேலை செய்பவர் என்று பொருள். ‘ப்ளோம்’ என்றால் காரீயம். ஆங்கிலத்துப் பிளம்பரும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்தவர்தான். ரோமானியர் காரீயத் தகட்டை வளைத்துத் தண்ணீர்க் குழாய் செய்தார்கள். தொழிலின் பெயரே அதிலிருந்து வந்துவிட்டது.

நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வெள்ளீயம். காரீயம் வேறு, உடலில் சேர்ந்தால் முக்கியமாகக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

இது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விட்ரூவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், காரீய வேலை செய்பவர்களின் வெளிறிய உடலைச் சுட்டிக்காட்டி, மண் குழாயே நல்லது என்று எழுதிவைத்தார். ஆனால் பிரான்சில் காரீயக் குடிநீர்க் குழாய்க்குத் தடை வந்தது 1995-ல்தான். வளைக்கச் சுலபமான பொருளை விட்டுவிட மனிதனுக்கு அவ்வளவு தயக்கம்.

செம்பு அதைவிடப் பழையது. எகிப்தில் அபுசீர் என்ற இடத்தில், சாஹுரே மன்னனின் பிரமிடுக் கோயிலில் ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையான செம்பு வடிகால் குழாய் கிடைத்திருக்கிறது. செம்பு நல்ல உலோகம்தான். ஆனால் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளி கரைத்தால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிமார் அறிவார்கள். அமிலத்தன்மை உள்ள தண்ணீர் செம்புக் குழாயையும் அப்படியே அரிக்கும். இன்னொன்று, குழாய்களைப் பற்றவைக்கும் பற்றாசில் பாதிவரை காரீயம் கலந்து வந்தார்கள். குடிநீர்க் குழாய்களுக்கு அதை அமெரிக்கா 1986-ல் தடை செய்தது.

சரி, பிளாஸ்டிக்? 1872-ல் ஓய்கன் பௌமன் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர், வினைல் குளோரைடு வெயிலில் பட்டு வெள்ளைப் பொருளாக மாறுவதைக் கண்டார். அதுதான் பி.வி.சி. 1930-களில் ஜெர்மனியில் அதில் தண்ணீர்க் குழாய் வந்தது. துரு இல்லை; கனமும் இல்லை. ஆனால் குழாயாக வார்க்கச் சூடாக்கும்போது பி.வி.சி. சிதையும். அதைத் தடுக்கச் சேர்த்த நிலைப்படுத்திகளில் ஒன்று, மறுபடியும் காரீய உப்பு! நம் நாட்டில் பி.வி.சி. குழாய்களிலிருந்து அதை நீக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் தனி விதிகளே வெளியிட வேண்டியிருந்தது.

ஆக, முன்வாசல் வழியாக வெளியேற்றிய காரீயம், செம்போடு பற்றாசாகவும் பிளாஸ்டிக்கோடு உப்பாகவும் பின்வாசலில் நுழைந்திருக்கிறது.

என் யோசனை இதுதான். நம் ஊரில் செம்புக் குழாயை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. அதனால் பெரும்பாலான வீடுகளுக்குப் பிளாஸ்டிக்கே நடைமுறைக்கு ஒத்துவரும். வெந்நீர் வரும் பாதைக்குச் சி.பி.வி.சி. போடுங்கள், சாதாரண பி.வி.சி. சூடு தாங்காது. குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, காரீயம் சேராததா என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். மொட்டைமாடியில் வெயில் படும் குழாய்க்குப் பெயிண்ட் அடியுங்கள். எந்தக் குழாயானாலும், இரவெல்லாம் தேங்கிய தண்ணீரைக் காலையில் முதலில் செடிக்குப் பிடித்துவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள். பேரப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பழக்கம் அவசியம்.